கொடுக்கக்கூடிய மரமும் கொடுக்க முடியாத உருவமும்

பசிபிக் பெருங்கடலின் கரைகளில் வாழும் பழங்குடி மரச்சிற்பிகள் பலருக்கு மரம் ஒரு பொருள் அன்று, ஓர் ஆள். காட்டில் நிற்கும்போது அதற்கென்று உறவும் காவலும் உண்டு. வெட்டினால் ஓர் உயிர் போகிறது. செதுக்கி நிறுத்திய பிறகு அதில் முன்னோர் வந்து தங்குகிறார்கள். நியூசிலாந்தின் மாவோரியர், ஹவாய்த் தீவினர், அலாஸ்காவின் திலிங்கிட் மக்கள், கனடாவின் மேற்குக் கரையில் வாழும் ஹைடா, ஹைஸ்லா மக்கள், ஜப்பானின் வடகோடித் தீவான ஹொக்கைடோவின் ஐனு மக்கள் ஆகியோர் மொழியாலும் குலத்தாலும் வேறுபட்டவர்கள். இந்த எண்ணத்தில் மட்டும் அருகருகே நிற்கிறார்கள்.

கடந்த சில பத்தாண்டுகளில் இவர்களுக்குள் போக்குவரத்து பெருகியிருக்கிறது. ஒரு கரையின் மரம் இன்னொரு கரையில் தோணியாகியிருக்கிறது. ஒரு நாட்டுச் சிற்பி மற்றொரு நாட்டுச் சிற்பியின் பட்டறையில் மாதக்கணக்கில் தங்கியிருக்கிறார். அருங்காட்சியகத்துக்குப் போன கம்பம் ஊர் திரும்பியிருக்கிறது. இவற்றையெல்லாம் கலைப் பரிமாற்றம் என்று ஒரே சொல்லில் அடக்கிவிட்டால் உள்ளே இருக்கும் சிக்கல் மறைந்துவிடும். மரம் ஓர் ஆள் என்றால் அதைக் கொடையாகக் கொடுக்கும் உரிமை யாருக்கு? உருவம் ஒரு முன்னோர் என்றால் வேற்று நாட்டார் அதைச் செதுக்கலாமா? வாங்கியவர் யாருக்குக் கடன்பட்டவர்? இவை முதலில் சமயக் கேள்விகள். கலைக் கேள்விகள் ஆவதெல்லாம் அதற்குப் பிறகுதான். அம்மக்களின் கதைகளும் சடங்குகளும் வெகுகாலமாக இவற்றோடு மல்லுக்கட்டி வந்திருக்கின்றன.

மாவோரியர் சொல்லும் கதைகளில் ராத்தாவின் கதை இங்கே முதன்மையானது. தோணி செய்வதற்காக ராத்தா ஒரு பெருமரத்தை வெட்டிச் சாய்த்துவிட்டு வீடு திரும்புகிறான். மறுநாள் போய்ப் பார்த்தால் கோடரி பட்ட தடமே இல்லாமல் மரம் நிமிர்ந்து நிற்கிறது. மீண்டும் வெட்டுகிறான், மீண்டும் நிற்கிறது. ஒளிந்திருந்து பார்க்கும்போதுதான், காட்டின் பறவைகளும் பூச்சிகளும் கூடிச் சிம்பு சிம்பாக ஒட்டி மரத்தைத் தூக்கி நிறுத்துவது தெரிகிறது. காட்டின் தெய்வமான தானே மகுத்தாவிடம் சொல்லாமல் வெட்டியது அவன் செய்த குற்றம். அவன் தலைகுனிந்த பிறகு அதே கூட்டம் அவனுக்குத் தோணியைச் செய்து கொடுக்கிறது. ஹவாயில் இதே கதை லாக்கா என்பவனைப் பற்றியதாக வழங்குகிறது. பாலினேசியர் தீவுகளுக்குத் தீவு பரவியபோது கதையும் தோணியில் ஏறிப் போயிருக்கிறது. காடு மரத்தைத் தர மறுக்கவில்லை என்பதுதான் கதையில் கவனிக்க வேண்டிய இடம். கேட்காமல் எடுத்ததைத்தான் அது மறுத்தது.

ஹவாயில் தோணி செதுக்கும் தலைமைத் தச்சர் பூசாரியும் ஆவார். மரம் தேர்வதே ஒரு வழிபாடு. அப்போது அவர் எலெபாயோ என்னும் சிறு பறவையைக் கவனிப்பார். சாய்த்த மரத்தின் மேல் அது வந்திறங்கி அங்கங்கே கொத்தினால் உள்ளே உளுத்திருக்கிறது என்று பொருள்; கொத்தாமல் போனால் மரம் நல்லது. தோணி செய்வோரின் தெய்வமான லேயாவே அந்தப் பறவை உருவில் வருவதாக நம்பிக்கை. பூச்சி தின்னும் பறவை பூச்சியுள்ள மரத்தைத்தான் கொத்தும் என்று விளக்கிவிட்டு நகர்வது எளிது. ஆனால் அந்த விளக்கம் சரியாக இருப்பதாலேயே வழிபாடு பொய்யாகிவிடாது. மரத்தைப் பற்றிய தீர்ப்பை மனிதன் தன் கையில் வைத்துக்கொள்ளாமல் காட்டிடம் விடுகிறான் என்பதே அங்கே முக்கியம்.

வட அமெரிக்காவின் வடமேற்குக் கரையிலும் வழக்கம் இதை ஒத்தது. கூடை, பாய், கயிறு ஆகியவற்றுக்காகச் சீடார் மரத்தின் பட்டையை உரிப்பவர்கள் மரத்தோடு பேசிவிட்டு, அது பிழைத்திருக்கும் அளவுக்கு மட்டும் உரித்தெடுப்பார்கள். அப்படி உரித்த வடுவோடு நூற்றாண்டுகளாக உயிர் வாழும் மரங்கள் பிரிட்டிஷ் கொலம்பியக் காடுகளில் இன்றும் நிற்கின்றன.

செதுக்கிய உருவத்துக்கு உயிர் எங்கிருந்து வருகிறது என்பது அடுத்த கேள்வி. திலிங்கிட் மக்களின் நாட்சிலானே கதை இதற்குத் தரும் விடை விசித்திரமானது. மைத்துனர்கள் கடற்பாறையில் தனியே விட்டுவிட்டுப் போன நாட்சிலானே என்னும் செதுக்கு வல்லவன், பழிவாங்குவதற்காகக் கொலைத்திமிங்கில உருவங்களைச் செதுக்கிக் கடலில் விடுகிறான். ஸ்ப்ரூஸ் மரத்தில் செய்தது மிதந்தது; உயிர் பெறவில்லை. வேறு மரங்களில் செய்தவையும் அப்படியே. கடைசியில் மஞ்சள் சீடாரில் செதுக்கியது உயிர் பெற்று நீந்தியது. கை ஒன்று, உருவம் ஒன்று, மரம்தான் வேறு. அப்படியானால் உயிரைத் தருவது சிற்பியின் திறமை அன்று. ஏற்ற மரமும் ஏற்ற கையும் கூடும்போதுதான் அது வருகிறது. பகை முடிந்ததும் இனி மனிதரைத் தாக்கக் கூடாது என்று அவன் அந்தத் திமிங்கிலங்களுக்குக் கட்டளையிடுகிறான். உயிர் கொடுத்தவனுக்கு அதன் செயலில் பொறுப்பு உண்டு என்பதும் கதைக்குள் இருக்கிறது.

மாவோரியரின் ருவாத்தேபுபுகே கதை இன்னும் ஒரு படி மேலே போகிறது. செதுக்குக் கலையே அவர்களுடையது அல்ல, கடல் தெய்வத்தின் வீட்டிலிருந்து எடுத்து வந்தது என்று அது சொல்கிறது. தங்கரோவா என்னும் கடல் தெய்வம் ருவாத்தேபுபுகேயின் மகனைப் பிடித்துத் தன் வீட்டு முகட்டில் அணியாக நிறுத்திவிடுகிறது. மகனைத் தேடிக் கடலடிக்குப் போன தகப்பன் அந்த வீட்டைக் கொளுத்துகிறான். மகனோடு முகப்பில் இருந்த செதுக்கல்களையும் தூக்கிக்கொண்டு வருகிறான். வீட்டுக்குள் இருந்த கம்பங்கள் ஒன்றோடொன்று பேசும் தன்மை கொண்டவை. அவன் எடுத்து வந்த முகப்புக் கம்பங்கள் பேசா. ஒரு கலையின் தோற்றத்தையே களவு என்று ஒப்புக்கொள்ளும் மரபு உலகில் அரிது. பிறர் வீட்டிலிருந்து உருவத்தைக் கொண்டுவரலாம், அதன் பேச்சு கூடவே வந்துவிடாது என்பது அதற்குள் அடங்கிய எச்சரிக்கை. பண்பாட்டுப் பரிமாற்றத்தைப் பற்றிய நவீன விவாதங்கள் பல பக்கங்களில் சொல்வதை இந்தக் கதை ஒரு காட்சியில் முடித்துவிடுகிறது.

உருவத்தின் உரிமை இம்மக்களிடம் மிகக் கறாரானது. திலிங்கிட், ஹைடா, ஹைஸ்லா மக்களிடம் காகம், கழுகு, கொலைத்திமிங்கிலம் முதலிய குலக்குறிகளும் அவற்றுக்குரிய கதை, பாடல், பெயர் ஆகியவையும் குறிப்பிட்ட குலத்தின் உடைமை. முன்னோர் ஒருவர் ஓர் உயிரையோ ஆவியையோ எதிர்கொண்டு, பெரும்பாலும் தம் உயிரையே விலையாகக் கொடுத்து, அந்த உரிமையைப் பெற்றார் என்பது அடிப்படை. எனவே குலக்குறிக் கம்பம் நிறுத்துவது ஒரு சொத்துப் பத்திரத்தைப் பொதுவில் வாசிப்பது போன்றது. கம்பத்தை நிறுத்தும் குலம் பாட்லாச் என்னும் பெருவிருந்தை நடத்தி, வந்தவர்களுக்குப் பொருள் வழங்குகிறது. பொருளை வாங்கிக்கொண்டவர்கள் அந்த உரிமைக்குச் சாட்சி ஆகிறார்கள். திலிங்கிட் மரபில் ஒரு குலத்தின் கம்பத்தைச் செதுக்கவும் நிறுத்தவும் சமூகத்தின் இரு பாதிகளில் எதிர்ப்பாதியைச் சேர்ந்த குலத்தாரையே அழைப்பார்கள். விருந்தில் அவர்களுக்குக் கூலியும் மரியாதையும் தருவார்கள். கை அயலாருடையது, உருவம் குலத்துடையது. செதுக்கியவரும் உடையவரும் ஒருவரே என்று எண்ணிப் பழகிய இன்றைய கலை உலகத்துக்கு இது புரியச் சற்று நேரம் பிடிக்கிறது.

கனடா அரசு 1884 இல் பாட்லாச் விருந்தைச் சட்டத்தால் தடை செய்தது. அந்தத் தடை 1951 வரை நீடித்தது. அரசுக்கு அது வீண்செலவு. சமயப் பரப்பாளர்களுக்கு அது பேய் வழிபாடு. 1921 இல் அதே மேற்குக் கரையின் வில்லேஜ் தீவில் நடந்த ஒரு விருந்துக்காகப் பலரைச் சிறையிலடைத்து, முகமூடிகளையும் செப்புத் தகடுகளையும் பறித்துச் சென்றார்கள். அவற்றில் ஒரு பகுதி திரும்பி வந்ததை ஒட்டியே கேப் மட்ஜில் 1979 இலும் அலெர்ட் பேயில் 1980 இலும் பறிகொடுத்த மக்களின் சொந்தப் பண்பாட்டு மையங்கள் திறக்கப்பட்டன. விருந்தைத் தடுத்தது என்றால் சாட்சியைத் தடுத்தது என்று பொருள். சாட்சி இல்லாமல் உரிமை இல்லை. உரிமை இல்லாமல் செதுக்கல் வெறும் மரவேலையாகிவிடும்.

மாவோரியரின் செதுக்கு வீட்டிலும் இதே கறார். வீடு ஒரு முன்னோரின் உடல். முகட்டு விட்டம் முதுகெலும்பு, கைமரங்கள் விலா எலும்புகள், முகப்பின் சாய்பலகைகள் விரித்த கைகள், உச்சியில் முகம். உளி வேலையின்போது தெறிக்கும் செதில்களும் புனிதமானவை. அவற்றை அடுப்பெரிக்கப் பயன்படுத்தக் கூடாது. நியூசிலாந்தின் வட தீவில் ங்காட்டி ஆவா குலத்தார் 1875 இல் கட்டிய மாட்டாடுவா வீட்டை அரசு 1879 இல் சிட்னி கண்காட்சிக்கு அனுப்பியது. அங்கே பார்வையாளர்கள் வெளியிலிருந்தே பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று உட்சுவரின் செதுக்கல்களை வெளிப்புறம் திருப்பி நிறுத்தினார்கள். ஒரு முன்னோரின் உடலை உள்வெளியாகத் திருப்பியதை அமைப்பாளர்கள் அறிந்தே செய்திருக்க மாட்டார்கள். அறியாததே அங்கே குற்றம். பின்னர் லண்டன் வரை போய்வந்து, டனீடின் நகர அருங்காட்சியகத்தில் பல பத்தாண்டுகள் நின்ற அந்த வீடு 1996 இல் குலத்தாரிடம் திரும்பியது. 2011 இல் குலத்தாரின் ஊரான வாக்கத்தானேயில் மீண்டும் திறக்கப்பட்டது.

கொடையும் கடனும் பற்றிய தத்துவ விவாதத்தில் மாவோரியருக்கும் வடமேற்குக் கரையினருக்கும் பழைய இடம் ஒன்று உண்டு. பிரெஞ்சுச் சமூகவியலாளர் மார்செல் மோஸ் 1925 இல் வெளியிட்ட கொடை பற்றிய கட்டுரை இவ்விரு மக்களையும் ஒரே தளத்தில் வைத்துப் பேசியது. தமாட்டி ரனாபிரி என்ற மாவோரி அறிஞர் இனவியலாளர் எல்ஸ்டன் பெஸ்டுக்குச் சொன்ன விளக்கம் அதன் மையம். ஒரு பொருளுக்குள் ஹௌ என்னும் ஆற்றல் இருக்கிறது. பொருள் கைமாறிப் போனாலும் அது தொடக்க இடத்துக்குத் திரும்ப விரும்புகிறது. பெற்றவர் கைம்மாறு செய்யாமல் வைத்துக்கொண்டால் அவருக்குத் தீங்கு வரும். மோஸ் இதைப் பொருளின் ஆவி என்று படித்தார். மானிடவியலாளர் ரேமண்ட் ஃபெர்த் அந்தப் படிப்பை மறுத்தார். இன்னொரு மானிடவியலாளர் மார்ஷல் சாலின்ஸ் 1972 இல், ரனாபிரி பேசியது காட்டைப் பற்றி என்பதை நினைவூட்டினார். வேட்டையாடியவர்கள் பிடித்த பறவைகளில் ஒரு பங்கைப் பூசாரிகளுக்குக் கொடுக்க, பூசாரிகள் அதைக் காட்டுக்குத் திருப்பித் தருகிறார்கள். காட்டின் வளம் காட்டுக்கே திரும்ப வேண்டும் என்பது அதன் சாரம். மூவரில் சாலின்ஸின் படிப்பே மூலத்துக்கு அருகில் நிற்கிறது. மோஸின் படிப்பு கொடுத்தவர், பெற்றவர் என்ற இருவரோடு நின்றுவிடுகிறது. மாவோரியர் கணக்கில் மூன்றாவதாகக் காடும் இருக்கிறது.

இந்த மூன்றாமவரை மறந்தால் ஹவாயிலோவா தோணியின் கதை விளங்காது. அண்மைக்காலப் பழங்குடிச் செதுக்குப் பரிமாற்றங்களில் சமயப் பொருள் செறிந்தது அதுவே என்று சொல்லலாம்.

1976 இல் ஹோக்குலேயா என்னும் இரட்டை உடல் பாய்மரத் தோணி, கருவிகள் ஏதுமின்றி விண்மீன்களையும் அலைகளையும் பார்த்தே ஹவாயிலிருந்து தஹிட்டி போய்ச் சேர்ந்தது. ஆனால் அது ஒட்டுப்பலகையும் கண்ணாடி இழையும் கொண்டு கட்டியது. முன்னோர் கையாண்ட இயற்கைப் பொருள்களால் ஒரு கடலோடும் தோணி செய்ய வேண்டும் என்று ஹோக்குலேயாவைக் கட்டிய பாலினேசியக் கடற்பயணக் கழகத்தார் பின்னர் முடிவெடுத்தார்கள். இரண்டு உடல்களுக்கும் ஒவ்வொரு பெருமரம் வேண்டும். நம் வேல மரத்துக்கு உறவான கோவா மரமே அங்கு மரபு. தீவின் காடுகளில் தேடினார்கள். அந்த அளவில், உளுக்காத கோவா ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

காட்டின் அழிவுக்குப் பல காரணங்கள். கால்நடை அதில் பெரியது. பிரிட்டிஷ் மாலுமி ஜார்ஜ் வான்கூவர் 1793 இல் கமேஹமேஹா அரசருக்கு மாடுகளைப் பரிசாகக் கொண்டுவந்து இறக்கினார். அரசர் அவற்றைக் கொல்லக் கூடாதென்று தடை விதித்தார். பெருகிய மாடுகள் இளங்கன்றுகளை மேய்ந்து தீர்த்தன. பிறகு பண்ணைகளும் மரவெட்டும் சேர்ந்துகொண்டன. பரிசு ஒன்று காட்டைத் தின்ற கதை இது. அதே வான்கூவர்தான் கவாய்த் தீவில் 61 அடிக்கும் சற்று நீளமான ஒரு தோணியைக் கண்டு, அது அமெரிக்கப் பைன் மரம் ஒன்றிலிருந்து செய்தது என்று எழுதி வைத்தவரும்கூட. வட அமெரிக்க ஆறுகள் அடித்துக்கொண்டு வந்த பெருமரங்கள் நீரோட்டத்தில் மிதந்து ஹவாய்க் கரையில் ஒதுங்குவது உண்டு. தீவினர் அவற்றைத் தெய்வம் அனுப்பியதாக எடுத்துக்கொண்டார்கள்.

எனவே அலாஸ்கா மரத்தில் ஹவாய்த் தோணி என்பதற்கு முன்மாதிரி இருந்தது. ஆனால் கடல் கொண்டுவந்து தள்ளிய மரத்துக்குக் கைம்மாறு கேட்க யாரும் இல்லை. மனிதரிடம் கேட்டுப் பெறும் மரம் அப்படியன்று. ஓவியரும் கழகத்தின் நிறுவனர்களுள் ஒருவருமான ஹெர்ப் கானே வழியாகத் தென்கிழக்கு அலாஸ்காவின் பழங்குடிகளுக்கு வேண்டுகோள் போனது. திலிங்கிட், ஹைடா, சிம்ஷியான் மக்களுக்கு உரிமையான சீலாஸ்கா நிறுவனம் இசைந்தது. அந்நிறுவனத்தின் பைரன் மல்லட்டும் முதியவர் ஜட்சன் பிரவுனும் இதற்குத் துணை நின்றார்கள். இரண்டு சிட்கா ஸ்ப்ரூஸ் மரங்கள் கண்டுபிடிக்கப்பட்டன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 200 அடி உயரம், 7 அடிக்கு மேல் விட்டம், 400 ஆண்டு வயது.

ஹவாயின் தலைமை மாலுமி நைனோவா தாம்சன் வந்து பார்த்துச் சொன்ன பிறகே வெட்டுவது என்று அலாஸ்காவினர் காத்திருந்தார்கள். அவர் வந்தார், பார்த்தார், வெட்டச் சொல்ல வாய் வராமல் ஊர் திரும்பினார். தம் காட்டை அழியவிட்டவர்கள் அடுத்தவர் காட்டை வெட்டி முன்னோரைக் கொண்டாடுவதில் ஏதோ பிசகு இருக்கிறது என்பது அவருக்குத் தைத்தது. முதலில் தங்கள் காட்டுக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று ஹவாயினர் முடிவுசெய்தார்கள். கமேஹமேஹா பள்ளிகளின் நிலத்தில் பிள்ளைகளும் பெரியவர்களுமாக 11,000க்கு மேற்பட்ட கோவாக் கன்றுகளை நட்டார்கள். நூறு ஆண்டு கழித்தாவது தோணிக்கு மரம் கிடைக்கட்டும் என்ற எண்ணத்தோடு. அதன் பிறகே அலாஸ்காவுக்குத் திரும்பினார்கள். திலிங்கிட் மக்கள் தங்கள் முறைப்படி மரத்தோடு பேசினார்கள், ஹவாயினர் தங்கள் முறைப்படி ஓதினார்கள், மரங்கள் சாய்ந்தன.

யாருடைய சடங்கு அந்த மரத்துக்குச் செல்லும் என்று அங்கே யாரும் வாதாடவில்லை. மரம் வளர்ந்த மண்ணின் மக்கள் அதை அனுப்பிவைத்தார்கள், அது போய்ச் சேரும் கடலின் மக்கள் வரவேற்றார்கள். மகளைக் கட்டிக்கொடுக்கும் வீட்டிலும் இரு தரப்புக்கும் தனித்தனி முறைகள் உண்டு, ஒன்று மற்றொன்றைப் பொய்யாக்குவதில்லை. இறையியல் நோக்கில் இது சிறு விஷயம் அன்று. ஒரே மெய்ப்பொருளை இரு பெயரால் அழைக்கிறோம் என்று அவர்கள் சமரசம் பேசவில்லை. காட்டு ஆவி அவர்களுடையதாகவும் கடல் தெய்வம் இவர்களுடையதாகவும் அப்படியே இருந்தன. ஒத்துப்போனது கடமை மட்டும்தான்: கேட்டு எடு, எடுத்ததற்கு ஈடு செய். கொள்கையில் ஒன்றாகாமலே கடமையில் ஒன்றாகலாம் என்பதற்குச் சமய உரையாடல்களில் இதைவிடத் தெளிவான சான்று எளிதில் கிடைக்காது.

ரைட் போமன் தலைமையில் தச்சர்கள் செதுக்கி முடித்த தோணி 1993 இல் நீரில் இறங்கியது. நீளம் 57 அடி. பெயர் பழங்கால மாலுமி ஹவாயிலோவாவினுடையது. வெளியிலிருந்து வந்த மரம், ஆனால் உருவத்தில் திலிங்கிட் அடையாளம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. 1995 இல் மார்க்கேசாஸ் தீவுகளிலிருந்து ஹவாய்க்கு ஓடி வந்த பிறகு அதைக் கப்பலில் ஏற்றிச் சியாட்டிலுக்குக் கொண்டுபோனார்கள். அங்கிருந்து வடக்கே அலாஸ்காவின் ஜூனோ வரை கரையோர ஊர்களில் நின்று நின்று சென்றது. மரம் கொடுத்தவர்கள் மரம் என்னவாயிற்று என்று கண்ணால் பார்க்க வேண்டும் என்பதே பயணத்தின் நோக்கம். ரனாபிரி சொன்ன ஹௌ தொடக்க இடத்துக்குத் திரும்பியது என்றால் அது இதுதான். 2023 இல் ஹோக்குலேயா பசிபிக்கைச் சுற்றும் நெடும்பயணத்தைத் தொடங்கியதும் ஜூனோவில்தான்.

இதில் நெருடலான பக்கம் ஒன்றும் உண்டு. சீலாஸ்கா அமெரிக்க நாடாளுமன்றத்தின் 1971 ஆம் ஆண்டுச் சட்டத்தால் உருவான வணிக நிறுவனம். அக்காலத்தில் அது தன் காடுகளை ஏராளமாக வெட்டி ஆசியச் சந்தைக்கு விற்றுக்கொண்டிருந்தது. இரண்டு மரங்களுக்குச் சடங்கு, மற்றவற்றுக்கு விலைச்சீட்டு என்பதே நடைமுறை. நம்பிக்கை இருப்பதாலேயே நடத்தை சரியாகிவிடும் என்று எண்ணுவோர் இதைக் கணக்கில் கொள்ள வேண்டும். நிலத்தை நிறுவனப் பங்காக மாற்றிக் கொடுத்த சட்டத்துக்கும் இதில் பங்கு பெரிது. சீலாஸ்கா மரவெட்டு வணிகத்தைக் கைவிடுவதாக 2021 இல் அறிவித்தது.

ஐனு சிற்பி சுனசாவா பிக்கியின் கதை வேறு வகை. அங்கே பயணம் செய்தது மனிதர், மரம் அன்று. ஐனு சமயத்தில் விலங்கு, மரம், நெருப்பு, கருவி எல்லாவற்றிலும் கமுய் என்னும் ஆவி உறைகிறது. சுருள் சுருளாகச் சீவிய இனாவ் என்னும் வில்லோக் குச்சி அவர்களுடைய முதன்மைப் படையல். கமுய்கள் அதை விரும்புவதற்குக் காரணம், அதைச் செய்ய மனிதரால் மட்டுமே முடியும் என்பது. தெய்வத்தால் முடியாத ஒன்றை மனிதக் கை செய்கிறது என்று நம்பும் சமயத்தில் செதுக்குவோருக்கு உள்ள இடம் பெரிது. அதே சமயத்தில் விலங்கை அப்படியே உருவாக்குவதில் தயக்கமும் இருந்தது. உருவத்துக்குள் ஏதாவது புகுந்துகொள்ளும் என்ற அச்சம். பின்னாளில் ஹொக்கைடோவின் அடையாளமாகவே ஆன மரக்கரடிப் பொம்மைகளில் ஒரு கிளை சுவிட்சர்லாந்திலிருந்து வந்தது. தொக்குகாவா யோஷிச்சிகா என்ற ஜப்பானியப் பிரபு அங்கே பார்த்த மரக்கரடிகளைக் கொண்டுவந்து, 1920களில் யக்குமோ ஊர்க் குடியானவர்களைச் செதுக்க வைத்தார். அசாஹிகாவா ஐனு மக்களும் அதே காலத்தில் கரடி செதுக்கத் தொடங்கினார்கள். தயக்கத்தை வறுமை வென்றது.

1931 இல் பிறந்த பிக்கி சுற்றுலாப் பயணிகளுக்கு மரப்பொருள் செதுக்கிப் பிழைத்தவர். பிறகு நவீன சிற்பியாக உயர்ந்தவர். 1983 இல் அவர் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்குப் போய்ச் சில மாதம் ஹைடா சிற்பி பில் ரீடோடு பழகி வேலை செய்தார். திரும்பி வந்தபின் ஹைடா காகத்தையோ கழுகையோ அவர் செதுக்கவில்லை. பெருமரத்தை நிமிர்த்தி நிறுத்துவதும், அதை வெயிலுக்கும் பனிக்கும் விட்டுவிடுவதும் அவர் வேலையில் வலுப்பெற்றன. 1986 இல் சப்போரோ கலைப்பூங்காவில் அவர் நிறுத்திய ‘நான்கு காற்றுகள்’ ஐந்து மீட்டருக்கு மேல் உயர்ந்த நான்கு ஸ்ப்ரூஸ் தூண்கள். காற்றும் பனியும் தமக்குப் பின் உளி பிடிக்கட்டும் என்பது அவர் கருத்து. 1989 இல் அவர் இறந்தார். தூண்கள் ஒவ்வொன்றாக உளுத்துச் சாயத் தொடங்கின, மூன்று விழுந்துவிட்டன. பூங்கா அவற்றைத் தூக்கி நிறுத்தவில்லை, விழுந்த இடத்திலேயே மண்ணாக விட்டது.

அழிய விடுவதும் வழிபாடு என்ற இந்தக் கருத்துக்கு முழுச் சோதனை ஹைஸ்லா மக்களின் ஜிப்ஸ்கோலக்ஸ் கம்பத்தில் நடந்தது. பெரியம்மையில் குடும்பத்தை இழந்த தலைவர் ஜிப்ஸ்கோலக்ஸ், தமக்கு ஆறுதல் சொன்ன ஆவியின் நினைவாக 1872 இல் கிட்லோப் பள்ளத்தாக்கில் நிறுத்திய கம்பம் அது. 1929 இல் ஸ்வீடன் நாட்டுத் துணைத்தூதர் ஒருவர் அதை அறுத்து எடுத்துப் போனார். ஊரார் வந்து பார்த்தபோது அடிக்கட்டை மட்டும் இருந்தது. ஸ்டாக்ஹோம் இனவியல் அருங்காட்சியகத்தில் அது இருப்பதை 1991 இல்தான் கண்டறிந்தார்கள். திருப்பிக் கேட்டார்கள். ஈடாக இரண்டு புதிய கம்பங்களை ஹைஸ்லா சிற்பிகள் செதுக்கினார்கள். ஒன்று 2000 இல் பழைய இடத்தில் நின்றது, மற்றொன்று ஸ்டாக்ஹோமுக்குப் போனது. பழைய கம்பத்தைத் தரும்போது, வெப்பமும் ஈரமும் கட்டுப்படுத்திய கட்டடத்தில் வைக்க வேண்டும் என்று ஸ்வீடன் தரப்பு வலியுறுத்தியது. ஹைஸ்லா முறைப்படி கம்பம் நிற்கும் காலம் நின்று, விழுந்து, மண்ணோடு போக வேண்டும். இழுபறிக்குப் பின் 2006 இல் கம்பம் கனடா திரும்பியது. சில ஆண்டு கழித்து, மட்கிப் போவதற்காகவே அதைக் கிட்லோப்புக்கு எடுத்துச் சென்றார்கள்.

இரு தரப்பும் ஒரே பொருளை மதித்தன. மதிப்பு எதில் இருக்கிறது என்பதில்தான் பிரிந்தன. அருங்காட்சியகத்துக்கு 1872 இன் மரநார் முக்கியம், அது போனால் எல்லாம் போயிற்று. ஹைஸ்லா மக்களுக்கு உரிமையும் பெயரும் சடங்கும் முக்கியம். உரியவர் செதுக்கி உரிய முறையில் நிறுத்திய புதிய கம்பம் நகல் ஆகாது, அதுவே கம்பம். ஆகையால்தான் ஸ்டாக்ஹோமுக்கு ஒரு கம்பத்தை அவர்களால் மனமாரக் கொடுக்க முடிந்தது. பறித்துப் போனதற்குப் பதில் கொடுத்துப் பெற்றதாக அந்த உறவை அவர்களே திருத்தி எழுதினார்கள். அழியாமல் காப்பதே மரியாதை என்பது ஒரு நாகரிகத்தின் நம்பிக்கை மட்டுமே. உலகப் பொது அறம் அன்று.

திரும்பி வருவதுதான் எப்போதும் சரியான முடிவு என்றும் சொல்லிவிட முடியாது. கடலடிக் கதையின் நாயகன் பெயரைத் தாங்கிய ருவாத்தேபுபுகே வீடு, நியூசிலாந்தின் டொக்கோமாரு விரிகுடா ஊரில் 1881 இல் கட்டப்பட்டது. வணிகர் கைகள் மாறி 1905 இல் சிகாகோ ஃபீல்டு அருங்காட்சியகத்தை அடைந்தது. 1990களின் தொடக்கத்தில் ஊராரும் அருங்காட்சியகமும் சேர்ந்து அதைப் புதுப்பித்தார்கள். அது சிகாகோவிலேயே மாவோரி மன்றமாக இருக்கட்டும் என்று ஊரார் இசைந்தார்கள். இன்று அந்த வீட்டுக்குள் மாவோரி முறைப்படி வரவேற்பும் கூட்டமும் நடக்கின்றன. முன்னோர் ஒருவர் வெளிநாட்டில் தங்கித் தம் மக்களுக்குத் தூதராக இருக்கிறார் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். ஹைஸ்லா முடிவும் மாவோரி முடிவும் எதிரெதிர்த் திசைகளில் போனாலும் முடிவெடுத்தவர்கள் உரியவர்கள் என்பதால் இரண்டும் செல்லும்.

1990களுக்குப் பிறகு மாவோரிச் சிற்பிகளும் வடமேற்குக் கரைச் சிற்பிகளும் அடிக்கடி சந்திக்கிறார்கள். 2003 இல் வான்கூவர் நகரில் கீவா என்ற பெயரில் மாவோரிக் கலைக் கண்காட்சி நடந்தது. இத்தகைய சந்திப்புகளில் வாய்ச்சி பிடிக்கும் முறை, இழைநெளிவு பார்ப்பது, கருவி தீட்டுவது பற்றித் தயக்கமில்லாமல் பேசிக்கொள்ள முடியும். குலக்குறிக்கு வரும்போது அனுமதி வேண்டும். இரு கரைகளின் உருவங்களைக் கலந்து செய்யும் புதிய படைப்புகளும் வருகின்றன. அவற்றில் சில அழகானவை. ஆனால் எந்த முன்னோர் எதன் மேல் நிற்கிறார் என்பதைக் குலத்தார் ஏற்காதவரை அவை ருவாத்தேபுபுகே தூக்கி வந்த முகப்புக் கம்பங்களைப் போல ஊமையாகவே இருக்கும்.

கைத்திறனுக்கும் குலத்தின் உருவத்துக்கும் இடையிலான இந்த வேறுபாட்டுக்கு நவீனப் பதிப்புரிமைச் சட்டத்தில் பெரும்பாலும் இடம் இல்லை. பதிப்புரிமைச் சட்டம் படைத்த தனிமனிதரை அறியும்; அவர் இறந்து குறிப்பிட்ட ஆண்டுகள் கழிந்தால் படைப்பு பொதுச் சொத்து. குலத்தின் உடைமையான, முடிவுக் காலம் இல்லாத உருவத்தை அது அறியாது. ஆகவே முன்னோரின் முகத்தைத் தொழிற்சாலையில் அச்சிட்டு விற்பவர் பெரும்பாலும் சட்டத்தை மீறுவதில்லை. இதை எதிர்த்து மாவோரியர் 1991 இல் நியூசிலாந்தின் வைத்தாங்கித் தீர்ப்பாயத்தில் வழக்குத் தொடுத்தார்கள். இருபது ஆண்டு கழித்து, 2011 இல், தீர்ப்பாயம் தன் அறிக்கையை வெளியிட்டு, மாவோரிப் படைப்புகளைக் குலத்தார் காவல் காக்க வகைசெய்யும் ஏற்பாடுகளைப் பரிந்துரைத்தது. அந்தப் பரிந்துரைகள் முழுமையாக நிறைவேறாமல் கிடக்கின்றன.